கல்லாச் சாவி யாரிடம்?



ஐம்பது காசு நாணயத்தைக் கடைசியாக எப்போது கையில் பிடித்தீர்கள்? இருபத்தைந்து காசை 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. ஐம்பது காசு இன்றைக்கும் சட்டப்படி செல்லும். ஆனால் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடையில் அதை நீட்டிப் பாருங்கள், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அந்த ஐம்பது காசை வைத்துக்கொண்டு இதே திருச்சியில் பெண்கள் ஒரு தொழிலை நடத்திக் காட்டினார்கள்.

என்ன தொழில் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கழிப்பறை. காலை வேளையில் வானொலியில் இந்தப் பேச்சா என்று முகம் சுளிக்காதீர்கள். காலை வேளையில் நாம் எல்லோரும் முதலில் தேடுகிற இடம் அதுதான்.

தொண்ணூறுகளில் நம் ஊர்க் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பிடங்கள் எப்படி இருந்தன என்பது அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும். கதவு இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இருக்காது. பெண்கள் விடிவதற்கு முன்னால் போக வேண்டும், இல்லையென்றால் இருட்டட்டும் என்று காத்திருக்க வேண்டும். நடுப்பகலில் தேவைப்பட்டுவிடுமே என்று பயந்து, சித்திரை வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். கட்டடம் மாநகராட்சியுடையது. ஊர்ச் சொத்து என்பதால் யாருடைய சொத்தும் இல்லை.

2000-ஆம் ஆண்டை ஒட்டி இது மாறத் தொடங்கியது. திருச்சியில் 1987-இல் தொடங்கப்பட்ட கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம், வாட்டர்எய்ட் அமைப்பின் துணையோடு, குடிசைப் பகுதிகளில் வேலை செய்துகொண்டிருந்தது. கழிப்பிடங்களைப் பழுது பார்ப்பது, நடத்தும் பொறுப்பை அந்தந்தப் பகுதி மகளிர் குழுக்களின் கையில் கொடுத்துவிடுவது என்று மாநகராட்சியோடு ஓர் ஏற்பாடு உருவானது. அந்தப் பெண்களுக்கு 'ஷீ டீம்' என்று பெயர். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் காவல்துறை நினைவுக்கு வரும். இது வேறு. துப்புரவு, சுகாதாரம், கல்வி என்ற மூன்று சொற்களின் ஆங்கில முதல் எழுத்துகள் அவை.

நடைமுறை ரொம்ப எளிது. வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டப்பா, கொஞ்சம் டோக்கன். முறை வைத்துக்கொண்டு பெண்கள் உட்காருவார்கள். காசு கொடுத்தால் டோக்கன். கல்மந்தை போன்ற குடிசைப் பகுதிகளில் ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு ஐம்பது காசு, பிறகு ஒரு ரூபாய். குழந்தைகளுக்குக் காசு கிடையாது.

இதுவரை எந்தக் கட்டணக் கழிப்பிடத்திலும் நடப்பதுதான். வித்தியாசம் அதற்கு அப்புறம் வருகிறது. வசூலான காசையும் மிச்சமிருக்கும் டோக்கனையும் இன்னொரு பெண் முன்னால் கொட்டி எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். பணம் குழுவின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். பினாயில், பிளீச்சிங் பவுடர், பல்பு, மோட்டார் ரிப்பேர், உட்காருகிறவருக்கும் சுத்தம் செய்கிறவருக்கும் சம்பளம், இவையெல்லாம் போக மிஞ்சுவது அந்தப் பகுதிக்கே. ஒரு குடும்பத்துக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட உள்கடன், ஒரு தெருவுக்குச் சாக்கடை மூடி என்று.

இதே கழிப்பிடத்தை ஒரு குத்தகைதாரரிடம் விட்டிருந்தால்? அதே ஐம்பது காசு வசூலாகியிருக்கும். ஆனால் சாயங்காலம் ஒருவர் வண்டியில் வந்து டப்பாவைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு தில்லை நகருக்கோ கண்டோன்மென்ட்டுக்கோ போயிருப்பார். காசு அந்தத் தெருவில் ஒரு ராத்திரி கூடத் தங்கியிருக்காது. மோட்டார் கெட்டால் 'நாளைக்கு ஆள் வரும்' என்பார். குழுப் பெண்களால் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் மறுநாள் காலையில் வரிசையில் நிற்பது அவர்களும்தான்.

2002-இல் கல்மந்தையை, திறந்தவெளியில் யாரும் ஒதுங்காத குடியிருப்பு என்று அறிவித்தார்கள். நாட்டிலேயே இப்படி அறிவிக்கப்பட்ட முதல் நகர்ப்புறக் குடிசைப் பகுதி அது என்று கிராமாலயா சொல்கிறது. மத்திய அரசின் தூய்மை நகரங்கள் பட்டியலில் 2015-இல் திருச்சிக்கு இரண்டாம் இடம், 2016-இல் மூன்றாம் இடம் கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டுக்கொண்டோம். மேசை போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுத்த பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு. கிராமாலயாவின் எஸ். தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ வந்தது.

இந்தப் பெண்களுக்குக் கணக்கு எழுத யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். அது இன்னும் கொஞ்சம் பழைய கதை. 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி அவற்றை வங்கிகளோடு இணைத்தது. 1997-இல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. ஊக்குநர், பிரதிநிதி, தீர்மான நோட்டு, சுழல் நிதி என்ற சொற்களெல்லாம் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தது அப்படித்தான். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட கையோடு செக்கிலும் கையெழுத்துப் போட்ட பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர்.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. கல்லாவில் உட்காருகிறவர் ஒருவர், துடைப்பம் பிடிக்கிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்ற கேள்வி நம் ஊரில் எங்கே போனாலும் கூடவே வரும், இங்கேயும் வருகிறது. அடுத்தது, வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்தால் பொதுக் கழிப்பிடத்தின் வசூல் இறங்கும். அது நல்ல செய்திதான், ஆனால் மோட்டார் ரிப்பேர்ச் செலவு மட்டும் இறங்காது. இலவசமாகவே திறந்துவிடலாமே என்று நல்ல மனதோடு கேட்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. காசு வாங்காத இடத்தில் கணக்குக் கேட்கவும் ஆள் இருக்காது.

காசு வாங்குவது ஒரு பக்கம். காசு கொடுத்துக் கழிப்பறைக்குக் கூப்பிட்ட கதையும் நம் மாவட்டத்தில் உண்டு! முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2006-ஐ ஒட்டி ஒரு சமுதாய உரக் கழிப்பறை அமைத்தது. சிறுநீரும் மலமும் தனித்தனியாகச் சேரும், தண்ணீர் அதிகம் வேண்டாம், மண்ணுக்குள் கசியாது. காவிரிக் கரையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருப்பதால் அங்கே சாதாரணக் குழிக் கழிப்பறை சரிப்படாது. சேர்ந்தது உரமாக வயலுக்குப் போனது. பயன்படுத்தியவர்களுக்குச் சில்லறைக் காசு கிடைத்தது. சிறுநீரை வாழைக்கு உரமாக விட்டுப் பார்க்கும் சோதனையைத் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் செய்தது. முசிறி, தொட்டியம் பக்கம் வாழை இல்லாத படுகை ஏது? ஸ்கோப்பின் மாராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அடுத்தடுத்த வருடங்களில் ஒரே மாவட்டத்துக்குக் கழிப்பறைக்காக இரண்டு பத்மஸ்ரீ. நம் ஊர்க்காரர்கள் இதை வெளியூரில் சொல்லிக்கொள்வதில்லை, ஏனோ தெரியவில்லை.

கணக்கு யார் கையில் என்ற இதே விஷயம், தென்னூர் உழவர் சந்தைக்குப் போகிறவர்களுக்கு வேறு உருவத்தில் தெரியும். 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது, பிறகு மாநிலமெங்கும் வந்தது. நம் ஊரில் தென்னூர், கே.கே. நகர் என்று. அடையாள அட்டை உள்ள விவசாயி மட்டும் விற்கலாம். தராசு சும்மா கிடைக்கும், கமிஷன் கிடையாது, அன்றைய விலை வாசலில் பலகையில் எழுதியிருக்கும். விலை எழுதிய பலகை ஒரு சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். காந்தி மார்க்கெட்டில் விடியற்காலை ஏலம் போகும்போது வியாபாரிக்கு மட்டும் தெரிந்த எண் அது. அதைச் சாக்பீஸில் எழுதி வெளியே மாட்டியது பெரிய காரியம்.

இப்போது ஆற்றைக் கடந்து எங்கள் ஸ்ரீரங்கத்துக்கு வருகிறேன். 1994-இல் திருச்சி மாநகராட்சியானபோது எங்களையும் பொன்மலையையும் அதில் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் மாம்பழச்சாலை தாண்டிப் போகும்போது 'திருச்சிக்குப் போய்ட்டு வர்றேன்' என்றுதான் இன்னும் சொல்கிறோம். எங்களூரில் பெருமாளுக்கு அடுத்தபடி பெரிய பொருளாதாரம் பூ. சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்கு எட்டரை, கோப்பு பக்கத்திலிருந்து மல்லி வருகிறது. மொட்டாகப் பறிக்க வேண்டும், மலர்வதற்குள் விற்க வேண்டும். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை, சாயங்காலம் கேட்க ஆள் இல்லை. இப்படி ஒரு சரக்கை வைத்துக்கொண்டு விவசாயி எங்கே பேரம் பேசுவது? பூ வியாபாரத்தில் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர் அந்தக் கடைக்கே பூவைப் போட வேண்டியதுதான். அன்றைய விலை இவ்வளவு என்று கடைக்காரர் சொன்னால் அதுதான்.

அதே பூ மறுபடி தெருவுக்கு வருகிறது, கட்டுவதற்கு. அடையவளஞ்சான் வீதியில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அக்கா பூக் கட்டுகிறார். இருபது வருடமாகப் பார்க்கிறேன். ஈரத் துணியில் மொட்டுகளைப் பரப்பி, வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் காம்போடு காம்பு பார்த்து வைத்து ஒரு சுருக்கு. கண் தொலைக்காட்சியில் இருக்கும், விரல் தவறாது.

கல்மந்தைக் கதையை அவரிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"அந்த நோட்டு யார்ட்ட இருக்கும் தம்பி?" என்றார் திடீரென்று.

"எந்த நோட்டுக்கா?"

"அதான், வரவு எழுதுற நோட்டு."

"அவங்ககிட்டயேதான். சாவியும் அவங்ககிட்ட."

நாரைப் பல்லால் கடித்து இழுத்தார். "எங்க கணக்கு கடையில இருக்கு. நான் எத்தனை கிலோ கட்டினேன்னு அங்க கேட்டாத்தான் எனக்கே தெரியும்" என்று சிரித்தார். இந்தத் தெருவில் மட்டும் பூக் கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கோடி வீட்டு மாமி, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தி, மாடி வீட்டு மருமகள். ஒரு கை விரல் தீர்ந்து அடுத்த கைக்குப் போய்விட்டார். எட்டு வந்ததும் நிறுத்தி, அந்த எட்டை ஒரு மாதிரி யோசித்துப் பார்த்தார்.

அதற்குள் கடைப் பையன் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வந்துவிட்டான். கட்டிய பூவைப் பந்தாகச் சுருட்டி ஈரத் துணியோடு பையில் போட்டார். பையன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினான்.

"இன்னைக்கு எவ்வளவுடா எழுதினே? கொஞ்சம் காட்டு" என்றார் அக்கா.