எட்டுத் தேரும் ஒரு சக்கரமும்

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் மரவேலையைப் பற்றிய பேச்சுக்கு இடமுண்டா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். விடை புறநானூற்றிலேயே இருக்கிறது. அதன் 87-ஆம் பாடலில், அதியமானின் ஆற்றலைப் பகைவர்க்கு உணர்த்த வந்த ஔவையார் ஒரு தச்சனைக் காட்டுகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்யவல்லவன் அவன். அத்தகையவன் ஒரு மாதம் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிடுகிறார் புலவர். எதை விரைந்து முடிப்பது, எதற்குக் காலம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அத்தச்சனிடம் இருந்தது. இன்று மரத்தொழிலின் முன் நிற்கும் கேள்வி அந்த உரிமையைப் பற்றியதேயாகும்.

ஆரணியைச் சேர்ந்தவர்க்கு எந்திரம் புதிதன்று. அண்மையிலேயே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இருக்கிறது. எண்களின் கட்டளைப்படி இயங்கி உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் எந்திரத்தை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-இல் செய்து காட்டியது. அதன் வழிவந்த சி.என்.சி. ரூட்டர் இன்று கதவுப் பட்டறைகளிலும் நுழைந்துவிட்டது. வடிவத்தைக் கணிப்பொறியில் வரைகிறார்கள். அல்லது பழைய சிற்பத்தை ஒளிக்கதிரால் அளந்து கோப்பாக்குகிறார்கள். சுழலும் வெட்டுமுனை அக்கோப்பின்படி நகர்ந்து பலகையைக் குடைகிறது. கொட்டாப்புளியும் உளியும் கொண்டு நாட்கணக்கில் கழிக்க வேண்டிய மரத்தை அது சில மணி நேரத்தில் கழித்துவிடுகிறது.

ஆயினும் அதற்கு எல்லைகள் உண்டு. சுழலும் முனை வட்டமாகவே வெட்டும். ஆகவே உள்மூலைகளில் கூர்மை வாராது. மேலிருந்தே இறங்கும் எளிய வகை எந்திரத்தால், கொடியின் இலைக்கு அடியில் புகுந்து குடைய இயலாது. இழையோட்டம் மாறும் இடத்தில் மரம் பிளவுபடாதிருக்க உளியைத் திருப்பிப் பிடிக்கும் கையறிவு அதற்கில்லை. முனை சென்ற தடமும் வரிவரியாக எஞ்சி நிற்கும். கூர்மையும், ஆழமும், முகத்தின் பாவமும் கைவினைஞரின் உளிக்காகவே காத்திருக்கின்றன.

மரபும் எந்திரமும் இணைவது தமிழ்நாட்டுக்குப் புதிதா என்றால், இல்லை. திருவாரூர் ஆழித்தேர் பல ஆண்டுகள் ஓடாது நின்று, 1970-இல் மீண்டும் ஓடிற்று. அத்தேருக்கு இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் அமைத்துத் தந்தது திருச்சி பெல் நிறுவனம். அதனால் தேரின் மரச்சிற்பங்கள் மதிப்பிழக்கவில்லை. இன்றும் அத்தேரைத் திருப்புவதற்கு முட்டுக்கட்டை போடும் மனிதனின் கணிப்பு வேண்டியிருக்கிறது.

மேலைநாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலியின் பெருச்சியோ லாவியானி, பிராத்தெல்லி போஃபி நிறுவனத்துக்காக 2013-இல் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்னும் ஓக் மர அலமாரியை வடிவமைத்தார். பழைய பாணிச் செதுக்கு வேலை நிறைந்த அலமாரிதான்; ஆனால் பழுதான வீடியோ நாடாவில் படம் இழுபடுவதுபோல அதன் உருவம் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கிறது. எந்திரத்தின் துணையால் எழுந்த அக்கற்பனை, அறைகலனைக் கலைப்பொருளாக உயர்த்தியது. மரபு வேலைப்பாட்டின் இலக்கணம் அறிந்தவர்க்கே அதைக் குலைத்துக் காட்டும் துணிவும் வரும்.

இனி, உண்மையான இடர் எது என்பதைக் காண வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் பெற்றது. இக்குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். அப்பெயரைச் சொல்லாமல் அதே யாளியை, அதே பூக்கொடியை எந்திரத்தில் வெட்டி விற்பவரை அது தடுப்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமோ புதிய வடிவத்துக்கு மட்டுமே 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் காப்பளிக்கிறது. தலைமுறைகளாக வழங்கிவரும் வடிவம் புதியதாகாது. எனவே, ஒரு சிற்பி செதுக்கிய கதவை ஒருமுறை அளந்து கோப்பாக்கிவிட்டால், அதிலிருந்து ஆயிரம் கதவுகள் பிறக்கலாம். சிற்பிக்குக் கிடைப்பது முதற்கதவின் கூலி மட்டுமே. எட்டுத் தேரின் ஊதியம் எந்திரம் வைத்திருப்பவரைச் சேரும். ஒரு மாதச் சக்கரத்துக்கு உழைத்தவன் வெறுங்கையோடு நிற்பான்.

இதற்கு எந்திரத்தை விலக்குவது தீர்வாகாது. தச்சர்களும் சிற்பிகளும் கூட்டுறவாகச் சேர்ந்து எந்திரத்தை வாங்கலாம். கோப்புகளைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். வெளியார்க்குக் கொடுக்க நேர்ந்தால், ஒவ்வொரு படிக்கும் பங்கு உண்டு என எழுத்தில் ஒப்பந்தம் செய்யலாம். எந்திரம் எவ்வளவு செய்தது, கை எவ்வளவு செய்தது என்பதை வாங்குவோர்க்கு வெளிப்படையாகச் சொல்வதும் வேண்டும். கரடுமுரடான கழிப்பு வேலையில் மிச்சமாகும் நாட்களைச் சிற்பி தன் கற்பனைக்குச் செலவிடலாம். தொழிற்பேட்டையில் எந்திரம் பயிலும் இளைஞரும், உளி பிடிக்கும் முதியவரும் ஒரே பட்டறையில் அமர்வதற்கு ஆரணியைப் போன்ற ஊர்கள் ஏற்றவை. அங்கே கோப்பின்மேல் எழுதப்படும் முதற்பெயர் அந்த முதியவருடையதாக இருக்க வேண்டும்.