ஒரு தீவு, ஒரு கொலை வழக்கு, நம் அலுவலக பீரோ

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் சி பிளாக்கில் வசிக்கும், நீதிமன்றத்தில் இந்தி–தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர்.)

செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். பாதுகாப்பு விதிமுறைகளின் வரைவு உங்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதில் ஏழாவது விதியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்களைத் தாய்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்து வளைகுடாவில் கோ தாவ் என்று ஒரு சின்னத் தீவு. கடலுக்கடியில் நீந்திப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் போகிற இடம். உங்களில் சிலர் பக்கத்துத் தீவான கோ சமூய்க்குச் சுற்றுலா போய் வந்திருக்கிறீர்கள், படங்களும் போட்டிருக்கிறீர்கள். 2014 செப்டம்பர் 15 அதிகாலை, கோ தாவின் கடற்கரையில் இரண்டு பிரிட்டிஷ் இளைஞர்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. மண்வெட்டியால் அடித்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்த கொடுமையை நான் விவரிக்கப் போவதில்லை.

அந்தச் சமயம் அங்கே எப்படிப்பட்ட சமயம் என்று பாருங்கள். மே மாதம்தான் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. தளபதி பிரயுத் சான் ஓச்சா பிரதமராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுற்றுலா வருமானம் அந்த நாட்டுக்கு உயிர்நாடி. உலகப் பத்திரிகைகள் எல்லாம் தீவில் வந்து இறங்கிவிட்டன. குற்றவாளி யார் என்று சீக்கிரம் சொல்லியாக வேண்டும். பிரதமர் பிகினி உடையைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லி, அது பெரிய சர்ச்சையாகி, மன்னிப்பும் கேட்டார்.

இன்னொரு பக்கம், தீவின் ஓட்டல்களில் பாத்திரம் கழுவுவது, மதுக்கூடங்களில் பரிமாறுவது, கட்டட வேலை செய்வது எல்லாம் பெரும்பாலும் மியான்மர்க்காரர்கள். தாய்லாந்து முழுக்க எடுத்தால் இருபது லட்சத்துக்கும் மேல் இருப்பார்கள். போலீஸ் பார்வை முதலிலேயே அவர்கள் மேல் திரும்பியது. தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி டி.என்.ஏ. மாதிரி எடுத்தார்கள். இரண்டரை வாரத்தில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். இரண்டு பேருமே ராக்கைன் மாநிலத்துப் பையன்கள், வயது இருபத்தொன்று. ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று அக்டோபர் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. அதோடு நிற்கவில்லை. கடற்கரைக்கே அழைத்துப் போய், எப்படிச் செய்தீர்கள் என்று நடித்துக் காட்டச் சொன்னார்கள். சுற்றிலும் கேமராக்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே உலகம் முழுக்க அந்த இரண்டு முகங்களும் கொலைகாரர்களின் முகங்கள் ஆகிவிட்டன.

கொஞ்ச நாளில் அவர்கள் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார்கள். அடித்தார்கள், மிரட்டினார்கள், அதனால்தான் சொன்னோம் என்றார்கள். விசாரணையின்போது வக்கீல் யாரும் பக்கத்தில் இல்லை. சித்திரவதைப் புகாரைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று ஆம்னெஸ்டி கேட்டது. தாய்லாந்து வழக்கறிஞர் மன்றம் இலவசமாக வழக்கை எடுத்து நடத்தியது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பையன்களுக்காக நின்றவர்களில் தாய்லாந்துக்காரர்களும் நிறைய.

என் தொழில் காரணமாக என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று இந்த வழக்கில் இருக்கிறது. போலீஸ் விசாரணையில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர், தீவில் தட்டுக்கடை போட்டு ரொட்டி, பான்கேக் விற்பவர். அதற்கான தகுதியோ பயிற்சியோ கிடையாது. அதைவிட முக்கியம், அவர் ரோஹிங்கியா. பிடிபட்டவர்கள் ராக்கைன் பௌத்தர்கள். அந்த இரண்டு சமூகங்களுக்கும் இடையில் 2012இல் பெரிய கலவரம் நடந்து ஊர் ஊராக எரிந்தது. அந்த மனிதர் வேண்டுமென்றே தவறாகச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூக்குத் தண்டனை விழக்கூடிய ஒரு விசாரணையில், பேச்சைக் கடத்துகிற பாலமாக அவரை உட்கார வைத்தது எப்படி நியாயம்?

மொழிபெயர்ப்பு என்றால் வார்த்தைக்கு வார்த்தை மாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். இந்தியில் 'மாரா' என்றால் அடித்தேன் என்றும் அர்த்தம், கொன்றேன் என்றும் அர்த்தம். 'மைனே உஸ்கோ மாரா' என்று ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு கொத்தனார் சொன்னால், தோளில் ஓர் அறை விட்டதாகவும் இருக்கலாம், உயிரை எடுத்ததாகவும் இருக்கலாம். அடுத்த கேள்வி கேட்டால்தான் தெரியும். அந்த ஆளுக்கு இந்தியே தாய்மொழி இல்லை, வீட்டில் பேசுவது சந்தாலி என்று வையுங்கள். கேட்பவருக்கும் இந்தி அரைகுறை. ரயில் நிலையத்தில் கற்ற இந்தி. இரண்டு அரைகுறைகளுக்கு நடுவில் அந்த 'மாரா' தமிழில் 'கொன்றேன்' என்று காகிதத்தில் ஏறிவிடும். கீழே கைநாட்டு. நான் வேலையில் இருந்த காலத்தில், கூண்டில் நிற்கிறவரிடம் ஒரு வாக்கியத்துக்கு நாலு கேள்வி திருப்பிக் கேட்பேன். "என்ன சார் இவ்வளவு நேரம்?" என்று வக்கீல்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

சரி, தீவுக்குத் திரும்புவோம். வழக்கு 2015 ஜூலையில் கோ சமூயில் தொடங்கியது. அரசுத் தரப்பின் முக்கிய ஆதாரம் டி.என்.ஏ. அந்தப் பெண்ணின் உடலிலிருந்து எடுத்த மாதிரி இந்த இருவரோடு பொருந்துகிறது என்றார்கள். இறந்துபோன இளைஞரின் கைப்பேசியும் இவர்களில் ஒருவர் வழியாகக் கைமாறியிருந்தது. கடற்கரையில் கிடந்தது, எடுத்தேன் என்பது அவர் சொன்ன விளக்கம். எதிர்த் தரப்பு, மாதிரிகளை மறுபரிசோதனைக்குக் கேட்டது. சில மாதிரிகள் தீர்ந்துவிட்டன என்று பதில் வந்தது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற ஆவணங்கள் முழுசாக இல்லை. அந்த நாட்டின் பெயர்பெற்ற தடயவியல் நிபுணர் போர்ன்திப் ரோஜனசுனன் சாட்சி சொன்னார். கொலைக்குப் பயன்பட்டதாகச் சொன்ன மண்வெட்டியில் கிடைத்த டி.என்.ஏ. இந்த இருவருடையது அல்ல என்றார். அவர் எதிரணி வாடகைக்கு அழைத்து வந்த வெளியாள் இல்லை, அரசாங்கத்தின் தடயவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்.

2015 டிசம்பர் 24 அன்று மரண தண்டனை விதித்தார்கள். சித்திரவதைக்கு ஆதாரமில்லை என்றது நீதிமன்றம். யாங்கூனில் தாய்லாந்து தூதரகத்தின் முன் கூட்டம் கூடியது. மியான்மர் ராணுவத் தளபதியே மறுபரிசீலனை கேட்டார். மனித உரிமைக்குப் பெயர் வாங்கிய ராணுவம் அல்ல அது என்பதையும் நினைவில் வையுங்கள். மேல்முறையீடு 2017இல் தள்ளுபடி, உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் தண்டனையை உறுதி செய்தது. 2020 ஆகஸ்டில் அரச ஆணையால் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

முன்வரிசையில் ஒருவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, "அப்போ அவர்கள் நிரபராதிகளா?" என்று கேட்க நினைக்கிறார். எனக்குத் தெரியாது. இறந்த இளைஞரின் குடும்பத்தார் நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஆதாரம் வலுவாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் அந்த நம்பிக்கையை, இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நான் தட்டிவிட முடியாது. நான் சொல்வது வேறு. வக்கீல் இருந்திருந்தால், தகுந்த மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால், மாதிரிகளை ஒழுங்காகப் பாதுகாத்திருந்தால், கடற்கரை நாடகம் இல்லாமல் இருந்திருந்தால், அதே தீர்ப்பு வந்திருந்தாலும் சந்தேகப்பட இடமே இருந்திருக்காது. இப்போது அந்தப் பெற்றோருக்கும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் ஒரு புதுக் கேள்வியோடு வருகிறார்கள்.

நம் நாட்டில் எப்படி? காகிதத்தில் நாம் ஒரு படி மேல். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்துக்குச் சான்றாக்க முடியாது. 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். இப்போது வந்திருக்கிற புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. பிடிபட்டவருக்கு வக்கீலைக் கலந்து பேசும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தருகிறது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காசில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். எல்லாம் சரி. ஆனால் இந்த உரிமை இருக்கிறது என்று அந்த ஆளுக்கு, அந்த ராத்திரியில், அவர் மொழியில் யார் சொல்வது?

இந்த ஊருக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட வடமாநில இளைஞர்கள் ஐந்து பேரைப் போலீஸ் நள்ளிரவில் ஒரு வீட்டில் சுட்டது. அந்த ஐந்து பேர் குற்றவாளிகளா என்று எந்த நீதிமன்றமும் கேட்கும் வாய்ப்பே வரவில்லை. அதற்குப் பிறகுதான் வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாமும் இன்றுவரை படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மறுபக்கம் ஒன்றையும் யோசியுங்கள். நம் தஞ்சாவூர் மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் குவைத்தில், மலப்புறத்துக்காரர் ஒருவரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றார். அவருடைய மனைவி கையில் இருந்ததை விற்று, கேரளத்துக்குப் போய், அங்கே நல்லவர்கள் திரட்டிய பணத்தையும் சேர்த்து முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுத்து, கணவனை இழந்த அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கினார். 2017இல் நடந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நாம் எல்லோரும் யார் பக்கம் நின்றோம்? "பாவம், பாஷை தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டான்" என்றுதானே சொன்னோம்?

சென்ற மாதம் வேறு ஏதோ ஓர் ஊரில் ஒரு வயதான தம்பதி கொலையான செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வந்த அரைமணி நேரத்தில் "வடக்கன்தான்" என்று மூன்று பேர் எழுதினார்கள். போலீஸ்கூட அப்போது ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நாற்பது பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த ஏழாவது விதி: வீட்டு வேலை, துப்புரவு, காவல் பணிக்கு வரும் வெளிமாநிலத்தவரின் அசல் ஆதார் அட்டையைச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்வது. வெளிமாநிலத்தவருக்கு மட்டும். சமையலுக்கு வரும் நம்மூர் அக்காவுக்கு நகல் போதுமாம்.

இதனால் என்ன பாதுகாப்பு? விவரம் வேண்டுமென்றால் நகலில் எல்லாம் இருக்கிறது. படிவம் காவல் நிலையத்துக்கும் போகிறது. அசலைப் பிடித்து வைத்தால் நடப்பது ஒன்றுதான். அந்த ஆள் நினைத்தபோது வேலையை விட முடியாது, வங்கிக்குப் போக முடியாது, ஊருக்கு ரயில் ஏறினால் டிக்கெட் பரிசோதகரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. போலீஸ் தெருவில் நிறுத்தினால் "அடையாள அட்டை எங்கே?" என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. அங்கிருந்துதான் சந்தேகம் ஆரம்பமாகும். நாம் கொடுத்த சந்தேகம் அது.

இன்னொன்று, இடைச்செருகலாகச் சொல்கிறேன். கேட்டில் இருக்கும் மூன்று பேரையும் நாம் 'பகதூர்' என்று கூப்பிடுகிறோம். ஒருவர் அசாம்காரர், ஒருவர் ஒடிசா. நேபாளத்திலிருந்து வந்தவர் ஒருவர்தான், அவர் பெயரும் பகதூர் இல்லை. நாளைக்கு ஏதாவது நடந்து, "அன்று ராத்திரி டியூட்டியில் யார்?" என்று போலீஸ் கேட்டால், நம்மில் எத்தனை பேர் 'பகதூர்' என்று வாக்குமூலம் கொடுப்போம்? மூன்று பேரில் எந்தப் பகதூர்?

ஆகவே செயலாளருக்கு நான் வைக்கும் திருத்தம் இது. ஏழாவது விதியில் 'அசல்' என்பதை எடுத்துவிட்டு, 'நகல், எல்லாப் பணியாளர்களுக்கும்' என்று மாற்றலாம். ஒவ்வொருவரின் முழுப்பெயர், தாய்மொழி, ஊரில் தொடர்புகொள்ள ஒரு எண், இவை பதிவேட்டில் இருக்கட்டும். கேட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் 15100 என்ற எண்ணை இந்தியிலும் வங்காளியிலும் ஒடியாவிலும் அசாமியிலும் எழுதி வைக்கலாம். இந்தியை நானே எழுதித் தருகிறேன். மற்றதற்கு பி பிளாக்கில் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன். நம் பணியாளர் யாரையாவது விசாரணைக்கு அழைத்தால் நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் கூடவே போக வேண்டும். அவருக்கு ஆதரவாகப் பேச வேண்டும் என்பதில்லை. எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, அவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டால் போதும். ராத்திரி நேரம் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், எனக்கு எப்படியும் தூக்கம் குறைவு.

அலுவலக பீரோவில் ஏற்கெனவே பதினோரு அசல் அட்டைகள் இருப்பதாக மேலாளர் சொன்னார். விதி நிறைவேறும் முன்பே வாங்கியிருக்கிறார்கள். திருத்தம் இன்றைக்கு ஓட்டுக்கு வருகிறது. நிறைவேறினால், திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். நான் எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருப்பேன்.