வானத்துக் கண்ணுக்கு எல்லாம் தெரியுமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவில் நம் மொட்டை மாடியிலிருந்து கீழே பாருங்கள். தெருவில் வந்து நிற்பது தண்ணீர் லாரியா, கழிவுநீர் லாரியா என்று சட்டென்று சொல்லிவிட முடியுமா? 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க விமானிகளுக்கு வந்த சிக்கலும் இதுதான்.

ஈராக் தன் ஸ்கட் ஏவுகணைகளை லாரிகளில் ஏற்றிப் பாலைவனத்தில் ஒளித்து வைத்திருந்தது. இந்த லாரிகள் பகலில் பாலங்களுக்கு அடியில் பதுங்கும். இரவில் வெளியே வந்து இஸ்ரேல் மீதும் சவுதி அரேபியா மீதும் ஏவிவிட்டு, சில நிமிடங்களில் இடத்தைக் காலி செய்துவிடும். ஏவும்போது எழும் நெருப்பைச் செயற்கைக்கோள் பார்த்துவிடும். ஆனால் விமானம் போய்ச் சேர்வதற்குள் லாரி இருக்காது. சுற்றிக்கொண்டிருந்த விமானிகளே 42 முறை ஏவுகணை கிளம்பியதைக் கண்ணால் பார்த்தார்கள். குண்டு போடும் அளவுக்கு இலக்கு பிடிபட்டது 8 முறைதான்.

வெப்பத்தை உணரும் கேமராவில் எண்ணெய் லாரியும் ஏவுகணை லாரியும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். போதாததற்கு, ஈராக் பொம்மை லாரிகளையும் நிறுத்தி வைத்திருந்தது. 25 கஜத்துக்கு அப்பால் நின்றால் அசல் எது, போலி எது என்று தெரியாத அளவுக்கு அவை இருந்தன.

சுமார் 80 லாரிகளை அழித்ததாக விமானிகள் சொன்னார்கள். போருக்குப் பின் அமெரிக்க விமானப்படை நடத்திய ஆய்வில், ஒன்றுக்குக்கூட மறுக்க முடியாத ஆதாரம் கிடைக்கவில்லை. ஜோர்டானுக்கு எண்ணெய் கொண்டுபோன லாரிகள் குண்டுவீச்சில் எரிந்தன, ஓட்டுநர்கள் இறந்தார்கள். பிப்ரவரி 25 அன்று சவுதியின் தஹ்ரானில் ஸ்கட் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். தவறவிட்டாலும் உயிர் போகிறது, தவறாகப் பிடித்தாலும் உயிர் போகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,000 லாரிகளில் 10 மட்டும் ஏவுகணை லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கருவி 100-க்கு 90 முறை சரியாகச் சொல்லும். அந்த 10-ல் 9-ஐப் பிடித்துவிடும். ஆனால் மீதி 990-ல் 99 சாதாரண லாரிகளையும் ஏவுகணை லாரி என்றே காட்டும். ஆக, 108 எச்சரிக்கைகளில் 9 மட்டுமே உண்மை.

அப்படியானால் தேடியது வீணா? இல்லை. முதல் பத்து நாட்களுக்குப் பிறகு ஏவுவது குறைந்தது. தலைக்கு மேல் விமானங்கள் சுற்றியதும் அதற்கு ஒரு காரணம்.

நாளை டிவியில் “ட்ரோன் கண்டுபிடித்துவிட்டது” என்று செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனையைத் தவறவிட்டது? எத்தனை அப்பாவிகளையும் சேர்த்துப் பிடித்தது?