அம்மம்மாவின் அரிட்டப் போத்தல்
(நூற்றாண்டு விழாச் சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எங்கள் வீட்டு அலுமாரியில் எப்போதும் ஒரு திராட்சாரிட்டப் போத்தல் இருக்கும். இருமலுக்கும் சோகைக்கும் பசியின்மைக்கும் அம்மம்மா அதைத்தான் எடுப்பார். மது என்றால் முகம் சுளிப்பவர் அவர்.

இதே கல்லூரியின் ஆய்வுகூடத்தில் மதுவத்தையும் சீனிக்கரைசலையும் குடுவையில் இட்டு, வரும் வாயுவால் சுண்ணாம்புநீர் பால்நிறமாவதைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அரிட்டமும் அதே வேலைதான். உலர்ந்த திராட்சையை, நாங்கள் பிளம்ஸ் என்கிறோமே அதை, நீரில் காய்ச்சி வற்றவைப்பார்கள். ஆறியபின் வெல்லம் கரைத்து, ஏலம், கறுவா, மிளகு, திப்பிலியோடு காட்டாத்திப் பூவும் சேர்ப்பார்கள். சிங்களத்தில் மலித்த என்பது இந்தப் பூவைத்தான். பிறகு சாடியின் வாயைச் சீலையும் மண்ணும் கொண்டு மூடி ஒரு மாதமளவில் வைப்பார்கள். காய்ச்சாமல் நொதிக்கவிட்டால் அதன் பெயர் ஆசவம். சரகசம்ஹிதை 84 ஆசவங்களை எண்ணுகிறது. அவற்றில் 26 பழங்களால் ஆனவை. நொதித்தல் முடிந்ததா என்று அறிய, சாடியின் வாயில் எரியும் குச்சியைப் பிடிப்பார்கள். அணைந்தால் காபனீரொட்சைட்டு இன்னும் வருகிறது, அணையாவிட்டால் வடிக்கலாம். எவ்வளவு அழகான சோதனை!

ஆனால் அப்படி வடிப்பதில் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 10 வரை மதுசாரம் இருக்கும். பியரில் இருப்பதிலும் குறைவென்று சொல்ல முடியாது. நொதிக்காத வெல்லமும் மிச்சம் இருக்கும். சாப்பாட்டுக்குப் பின் 15 முதல் 30 மில்லிலீற்றர், சமஅளவு நீருடன் என்பதுதான் வழக்கமான அளவு. மருந்தாக எண்ணித்தான் அளவு வைத்தார்கள்.

என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீரிழிவுள்ள ஓர் அம்மாவுக்குச் சீனி குறையவே இல்லை. இரண்டு தடவை குளிசையைக் கூட்டினேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன், தேநீரைப் பற்றிக் கேட்டேன். வேறென்ன குடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒருநாள் விடியற்காலை வியர்த்து மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். சீனி மிகக் குறைந்திருந்தது. குளுக்கோசு ஏற்றியதும் கண் திறந்தார். மகள்தான் சொன்னார்: மாதக்கணக்காக ஒரு நாளைக்கு மூன்று வேளை அரைக் கிளாஸ் அரிட்டம்; போன கிழமை போத்தல் முடிந்துவிட்டதாம். அரிட்டம் நின்றது, நான் கூட்டிய குளிசை நிற்கவில்லை.

ஏன் அம்மா சொல்லவில்லை என்றேன். “அது அரிட்டம்தானே பிள்ளை, அதையும் மருந்தெண்டு சொல்லோணுமே?” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரிட்டத்தை விடச் சொல்ல நான் வரவில்லை. நீரிழிவு, ஈரல் நோய், கர்ப்பம், நித்திரைக் குளிசை, குடியை விட்டவர், சிறுபிள்ளை: இவற்றில் ஏதாவது இருந்தால் கேட்காமல் எடுக்காதீர்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் அம்மம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள்.

அந்த அம்மா இப்போதும் என் கிளினிக்குக்கு வருகிறார். மருந்துக் கொப்பியோடு வீட்டிலுள்ள போத்தல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வருவார். போன முறை நல்லெண்ணெய்ப் போத்தலும் வந்தது.