பேச முடிகிற வேகம்



கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் விடிகாலை ஐந்து மணிக்குப் போய் நின்றால், எங்கள் கூட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதில் விழுந்துவிடும். பதினான்கு பேர். வெளியே சொல்லிக்கொள்வது ஓட்டக் குழு என்று. உள்ளபடி அது நகர்ந்துகொண்டே இருக்கிற ஒரு திண்ணை. தக்காளி விலை, மகள் கல்யாணம், முட்டி வலிக்கு யார் என்ன தைலம் தேய்த்தார்கள் என்பது வரை எல்லாமே அந்த இரண்டரை கிலோமீட்டர் சுற்றுப் பாதையில்தான் அலசப்படும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன்தான் எங்களில் மூத்தவர். அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: "ஓடறப்ப முழுசா ஒரு வாக்கியம் பேச முடியோணுங்க. முடியலீன்னா வேகத்தைக் குறைச்சுக்கோணும்."

இது அவர் சொந்தச் சரக்கு இல்லை. பயிற்சியாளர்கள் 'டாக் டெஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். பேசுவதென்றால் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த மூச்சை இழுக்க வாக்கியம் முடிகிறவரை பொறுக்க வேண்டும். உடம்பு பொறுக்காதபோது வாக்கியம் துண்டு துண்டாகிறது. கையில் இருபதாயிரம் ரூபாய் வாட்ச் இல்லாதவருக்கும் தன் வேகம் சரியா என்று தெரிந்துவிடும். அண்ணனுக்கு இதில் இன்னொரு லாபம். அவரை யாரும் தாண்டிப் போக முடியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தானே போக வேண்டும்!

இந்தச் சட்டத்தைத்தான் போன காணும் பொங்கலன்று ஊட்டிப் பக்கத்துக் கிளென்மார்கனுக்கு ஏற்றிக்கொண்டு போனோம்.

எங்கள் குழுவில் ஒரு தம்பிக்கு மாமனார் வீடு அந்தப் பக்கம். தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் பொங்கலுக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள், வெளியூர்க்காரர்களும் ஓடலாம் என்று சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கு வேன் பிடித்தோம். கல்லாறு சோதனைச் சாவடியில் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கேட்டபோதுதான் அதை எடுக்கும் பொறுப்பை ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. வண்டியிலேயே செல்போனில் பதிவு செய்து, குன்னூர், ஊட்டி தாண்டி, கூடலூர் சாலையில் தலைக்குந்தாவும் கடந்து, பெரிய சாலையை விட்டு விலகி உள்ளே போனால் கிளென்மார்கன். இறங்கியவுடன் எங்கள் பேச்சில் முதல் ஓட்டை விழுந்தது. புல்வெளி முழுக்க உப்பைத் தூவினாற்போல உறைபனி. டிரைவர் தம்பி முன்கண்ணாடியை ஒரு பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தார். டீக்கடை வாசலில் சுள்ளி போட்டு எரித்த நெருப்பைச் சுற்றிப் பதினான்கு பேரும் கையை நீட்டிக்கொண்டு, ஹோமத்துக்கு உட்கார்ந்த மாதிரி நின்றோம்.

நெஞ்சில் குத்த நம்பர் கொடுத்தார்கள். சார்ட் பேப்பரை வெட்டி ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது, நான்கு மூலைக்கும் ஊக்கு. எனக்கு 37. ஆறின் வாலை எடுத்து ஏழாக்கினார்களோ, ஏழுக்கு வால் வைக்கப் பார்த்தார்களோ, பார்க்கிற கோணத்தைப் பொறுத்து அது 36 ஆகவும் தெரிந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பையன் வழியைச் சொன்னான்: தோட்டச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். "போறப்போ ஏத்தம், வர்றப்போ இறக்கம், அதனால யாரும் பயப்படாதீங்க." பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் பயந்தோம்.

விசில் ஊதினார்கள். அண்ணன் வழக்கம்போல ஒரு கதையை ஆரம்பித்தார். கோத்தகிரி கிளைக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், மேலாளர் நாற்காலியில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்த கதை. நாங்கள் பத்துத் தடவை கேட்டதுதான். முதல் கிலோமீட்டர் முடிவதற்குள் அது, "குரங்கு... வந்து... அது..." என்று ஆனது. இரண்டாவது கிலோமீட்டரில் குரங்கு மட்டும் மிஞ்சியது. அப்புறம் அதுவும் இல்லை. எங்கள் குழுவின் சரித்திரத்திலேயே முதல் தடவையாகப் பதினான்கு பேரும் வாயடைத்து ஓடினோம். கேட்டதெல்லாம் செருப்புத் தேய்கிற மாதிரி மூச்சுச் சத்தம்.

காரணம் சோம்பல் இல்லை, உயரம். கோவை நகரம் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் சொச்சம். கிளென்மார்கன் மேடெல்லாம் இரண்டாயிரத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கடலோரத்தில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். இதை உலகமே ஒரு தடவை பார்த்தது. 1968-இல் மெக்சிகோ நகரத்தில் ஒலிம்பிக். அந்த நகரத்தின் உயரம் 2,240 மீட்டர். நம் ஊட்டிக்கும் அதே கணக்குத்தான். பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை 27 நிமிடம் 39 வினாடி, ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் கையில் இருந்தது. மெக்சிகோவில் தங்கம் வாங்கிய கென்யாவின் நஃப்தாலி தெமு எடுத்துக்கொண்டது 29 நிமிடம் 27 வினாடி. கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவு தப்பி விழுந்தார். அவருக்கே அந்த நிலை என்றால், வங்கி அண்ணன் குரங்குக் கதையைத் தொலைத்ததில் என்ன தப்பு?

மூன்றாவது கிலோமீட்டரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் குடம், நாலைந்து டம்ளர். பாவாடை சட்டையும் அதற்குமேல் ஸ்வெட்டருமாக ஒரு சின்னப் பெண், டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே, "அண்ணாந்து குடிங்க அங்கிள், எல்லாருக்கும் இதான் டம்ளர்" என்றாள். நியாயம்தான். ஆனால் மூச்சு இரைக்கும்போது அண்ணாந்து குடித்துப் பாருங்கள். முதல் வாய் மூக்குக்குப் போனது, இரண்டாவது சட்டைக்கு. உறைபனி நாளில் நெஞ்சு நனைந்த பதினான்கு பேரைப் பார்த்து அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, முதுகில் விறகுக் கட்டோடு இரண்டு அம்மாக்கள் எங்களைத் தாண்டி மேட்டில் ஏறினார்கள். யாரோ ஒரு மருமகளைப் பற்றி, ஒரு வாக்கியமும் உடையாமல் பேசிக்கொண்டே போனார்கள். டாக் டெஸ்டில் நூற்றுக்கு நூறு.

நான்காவது கிலோமீட்டர் தாண்டி ஒரு வளைவு. முன்னால் பறந்துகொண்டிருந்த தோட்டத்துப் பையன்கள் சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் திரும்பி, வாயில் விரலை வைத்துக் காட்டினான். முப்பதடி தள்ளிக் காட்டெருமை. முழு வளர்ச்சி அடைந்த ஆண் ஒரு டன் வரை கூட எடை போடும் என்று படித்திருக்கிறேன். நேரில் அதைச் சரிபார்க்க ஆசை வரவில்லை. கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டாற்போல. மூக்கிலிருந்து புகை. எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் ஓரத்துப் புல்லை மேய்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஐந்து நிமிடத்தில் முதலில் வந்தவர், நடுவில் வந்தவர், கடைசியில் வந்த எங்கள் அண்ணன் என்று மொத்தப் பந்தயமும் ஒரே இடத்தில், சத்தமில்லாமல். அது தேயிலைச் செடிக்குள் இறங்கியதும் நான் காலை எடுத்தேன். பக்கத்தில் நின்ற பையன் கையைப் பிடித்துக்கொண்டான். "நில்லுங்கண்ணா, குட்டி வரும்." வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் நாலு.

பைக்கில் வந்த அமைப்பாளர் பையன் ஒரே நொடியில் தீர்ப்புச் சொன்னான்: "எல்லாரும் இங்கேர்ந்தே மறுபடி ஸ்டார்ட்!" விசில் கேட்டதும், முக்கால் கிலோமீட்டர் பின்தங்கியிருந்த அண்ணன், இளைப்பாறிய தெம்பில் பாய்ந்தார். சுமார் பத்து வினாடி அந்தப் பந்தயத்தில் முதல் ஆள் அவர்தான். போட்டோ இருக்கிறது. பிரேம் போடக் கொடுத்திருக்கிறார்.

பண்டிகை நாளில் ஓடுகிற கிறுக்கு நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் நன்றி தெரிவிக்கும் நாளன்று, வான்கோழி விருந்துக்கு முன்னால் ஓடுகிற பந்தயம் 1896-இல் தொடங்கியது. முதல் வருடம் ஓடியவர்கள் ஆறே பேர். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 1925 முதல் டிசம்பர் 31 அன்று ஓடுகிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்த கதை, பந்தயம் முடிகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா சொன்னது. கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பொங்கலுக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தார். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அப்படி வந்தவர்களுக்காகத்தான் அரசு இங்கே அந்தத் தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. "இதை அங்க மரதன் ஓட்டம்னு சொல்லுவோம் தம்பி" என்றார். சித்திரை வருசப் பிறப்புக்கு மரதன் ஓட்டம், வழுக்கு மரம், கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைத்தல், கயிற்றில் தொங்குகிற பணிஸை, அதாவது பன்னை, கை படாமல் கடித்துத் தின்பது. "ஓடினீங்களா தாத்தா?" என்று கேட்டேன். "நான் பணிஸ்" என்றார்.

முதல் பரிசு பத்தாம் வகுப்புப் பையனுக்கு. எவர்சில்வர் அண்டா. "அம்மாதான் சொல்லி அனுப்பினாங்க, அண்டா வேணும்னு" என்றான் மைக்கில். ஓடியவர்களுக்கெல்லாம் கேரட்டும் வர்க்கியும் டீயும். சென்ற சில வருடங்களில் ஊட்டி வர்க்கி புவிசார் குறியீடெல்லாம் வாங்கிவிட்டது. டீயில் நனைந்தால் உடைந்து விழுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. கடைசியாக வந்தவருக்கு ஒரு முட்டைக்கோஸ். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் மேட்டின் விளிம்புக்குப் போய் நின்றோம். கீழே மாயாறு பக்கத்துக் காடு மேகத்துக்குள் இருந்தது. மேட்டிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்கு மின்வாரியத்தார் இறங்கும் விஞ்சின் தண்டவாளம், மலையின் முதுகெலும்பு போலச் செங்குத்தாக இறங்குகிறது. பைக்காரா தண்ணீர் ஏறத்தாழ மூவாயிரம் அடி விழுந்து அங்கே 1930-களிலிருந்து மின்சாரம் ஆகிறது. "அடுத்த வருசம் இதுல ஏறி ஓடலாமுங்களா?" என்று யாரோ கேட்டார்கள். பதில் சொல்ல யாருக்கும் மூச்சு இல்லை.

இறங்கும்போது பர்லியார் தாண்டியதும் காது 'பட்' என்று திறந்தது. வேனுக்குள் தக்காளி விலை ஆரம்பித்தது, முட்டி வலி ஆரம்பித்தது. "அண்ணா, அந்தக் குரங்கு கடைசீல என்னாச்சுங்க?" என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல். அண்ணன் மடியில் முட்டைக்கோஸை அணைத்தபடி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.