நம்ம பாஸ் புக்கும் ஒரு நிதி அமைச்சரும்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிதி அமைச்சர்னு சொன்னா, "அது டெல்லி சமாச்சாரம், நமக்கென்ன?"ன்னு நினைக்கிறோம். நம்ம குழுவுக்கு வங்கி கடன் கொடுக்குதே, அந்த வழி எப்படி வந்ததுன்னு தெரிஞ்சுக்க ஒருவரைப் பற்றிச் சொல்றேன். அவர் ஆர். வெங்கட்ராமன்.

பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடம் கிராமத்தில் 1910-ல் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்தார். 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றார். பிறகு தொழிலாளர்களுக்காக வழக்காடினார். 1957 முதல் 1967 வரை நம் மாநில அமைச்சராக இருந்து தொழில், கூட்டுறவுத் துறைகளைக் கவனித்தார்.

1980 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சர் ஆனார். அந்த மார்ச் மாதம் அரசு வங்கித் தலைவர்களைக் கூட்டிப் பேசினார். வங்கிகள் கொடுக்கும் கடனில் 100 ரூபாய்க்கு 40 ரூபாய், 1985-க்குள் விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அங்கே முடிவானது. அடுத்த மாதமே மேலும் 6 வங்கிகள் அரசுடைமை ஆயின. 1981-ல் நபார்டு வங்கிக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1982 ஜூலையில் நபார்டு தொடங்கியபோது அவர் பாதுகாப்பு அமைச்சராகப் போய்விட்டார். 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். 2009-ல் காலமானார்.

இதெல்லாம் அவர் ஒருத்தரே செய்ததுன்னு சொல்ல வரலை. பல பேர் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆனா அந்த நபார்டுதான் 1992-ல், 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம்னு ஆரம்பித்தது. நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம். ஒழுங்கான சேமிப்பும் கணக்கும் போதும். சேமிப்பைப் போல 4 மடங்கு வரைக்கும் கடன்னு அப்போ வச்சாங்க.

நம்ம காஞ்சிபுரத்துக்கு இது சின்ன விஷயமா? வீட்டில் தறி இருக்கும். பாவும் பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பார். கல்யாணம், பிரசவம்னா அவரிடமே முன்பணம். அது தீராத வரைக்கும் வேறு இடத்தில் கூலி கூடக் கிடைச்சாலும் போக முடியாது. குழுக் கடன் வாங்கி அந்தப் பாக்கியை அடைத்தால், "கூலி எவ்வளவு?"ன்னு நிமிர்ந்து கேட்கலாம்.

ஆனா ஒண்ணு. ஈடு இல்லாமல் கடன் கொடுக்கிறாங்கன்னா, நம்ம கணக்குப் புத்தகம்தான் ஈடு. "எல்லாம் ஊக்குநர் பார்த்துப்பாங்க"ன்னு விட்டுட்டா, ஒருத்தர் செய்த தப்புக்கு இருபது பேர் கடன்காரர் ஆவோம். கேள்வி கேட்பது சந்தேகம் இல்லை, அது நம்ம உரிமை.

அதனால, அடுத்த குழுக் கூட்டத்துல பாஸ் புக்கை நடுவில் வையுங்க. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்காவுக்கும் கேட்கிற மாதிரி மூணு விஷயத்தைச் சத்தமாகப் படியுங்க: நம்ம சேமிப்பு எவ்வளவு, வாங்கின கடன் எவ்வளவு, இன்னும் பாக்கி எவ்வளவு. பிறகு தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.

நாட்டுக் கணக்கை ஒவ்வொரு வருஷமும் நிதி அமைச்சர் நாடாளுமன்றத்தில் படிக்கிறார். நம்ம குழுக் கணக்கை மாசா மாசம் நாம படிப்போம்.