பெரட்டில் விடுபட்ட பெயர்



என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். வாளியைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் போவேன். மண்டோர் பெயர் கூப்பிடுவார். ஒரு பெயருக்குக் குரல் வரவில்லை என்றால் அடுத்த பெயருக்குப் போகமாட்டார். “எங்க அந்தப் பொண்ணு? யாராச்சும் லயத்துல போய்ப் பாருங்க” என்பார். காய்ச்சலா, பிரசவ வலியா, புருசன் அடித்தானா, விஷயம் தெரிந்த பிறகுதான் ஆள்கள் காட்டுக்குக் கிளம்புவார்கள். தோட்டத்து நிர்வாகம் அதைக் கருணையால் செய்யவில்லை. ஆள் குறைந்தால் பால் குறையும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு பெயர் விடுபட்டால் நின்று கேட்டார்கள்.

இந்த நாடு 16 வருடத்துக்கு மேலாக ஒரு பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பெயர் பிரசன்னா டிக்சா.

ஈப்போவில் பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கடைசிப் பெண் அவள். 2009 மார்ச் மாதம் அவளுடைய தகப்பன் மதம் மாறினார். அது அவர் விருப்பம், அதில் நமக்கு வழக்கில்லை. அந்த மாதக் கடைசியில், 11 மாதக் கைக்குழந்தையாக இருந்த பிரசன்னாவைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம், பிள்ளைகள் மூன்று பேரும் பக்கத்தில் இல்லாமலே, தாய்க்குத் தெரியாமலே, பிறப்புப் பத்திரங்களை வைத்து மூவரையும் மதம் மாற்றிச் சான்றிதழ் வாங்கினார். மூத்த இரண்டு பிள்ளைகள் அம்மாவிடம் இருந்துவிட்டார்கள். சின்னவள் போனவள்தான்.

இதைச் சிலர் மர்மம் என்கிறார்கள். என்ன மர்மம்? தூக்கியது யார் என்று தெரியும். அவருடைய பழைய பெயர் தெரியும், முகமது ரிதுவான் அப்துல்லா என்ற புதுப் பெயரும் தெரியும். 2010-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மூன்று பிள்ளைகளின் பராமரிப்பையும் தாய்க்குக் கொடுத்து, பிரசன்னாவை ஒப்படைக்கச் சொன்னது. அவர் ஒப்படைக்கவில்லை. 2014-இல் அவரை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்றது. 2016 ஏப்ரல் 29-இல், அவரைப் பிடியுங்கள் என்று போலீஸ் படைத் தலைவருக்கே கூட்டரசு நீதிமன்றம் கட்டளையிட்டது. இதற்கு மேல் துப்பறிய இதில் என்ன இருக்கிறது?

2018 ஜனவரி 29-ஆம் தேதித் தீர்ப்பை நீங்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், ஒரே குரல். தாய், தகப்பன் இருவரில் ஒருவர் சம்மதத்தை மட்டும் வைத்துப் பிள்ளையை மதம் மாற்றியது செல்லாது என்றார்கள். வழக்கு எந்தச் சொல்லில் நின்றது தெரியுமா? அரசியலமைப்புச் சட்டம் 12-ஆவது விதியில், பிள்ளையின் மதத்தைத் தீர்மானிப்பவரைச் சொல்லும் ஆங்கிலச் சொல் ஒருமையில் இருக்கிறது. ஒருமைதானே, ஒருவர் போதும் என்று வாதாடினார்கள். நம் மொழியில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. ‘பெற்றோர்’ என்று நாம் சொல்லும்போதே இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் ஜைனுன் அலி, ஒரு முஸ்லிம் பெண் நீதிபதி. இது மதச் சண்டை என்று உங்களிடம் யாராவது சொன்னால் அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லுங்கள்.

நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது? ஒருதலை மதமாற்றத்தைத் தடுக்க 88ஏ என்று ஒரு பிரிவை அரசாங்கம் கொண்டுவந்து, 2017-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

போலீஸ் என்ன செய்தது? 2020 ஜனவரியில் அன்றைய போலீஸ் படைத் தலைவர் அப்துல் ஹமிட் படோர், ஆள் இருக்கும் இடம் தெரியும், நல்லபடியாக முடிக்கப் பார்க்கிறோம் என்றார். அவருக்குப் பிறகும் தலைவர்கள் மாறிவிட்டார்கள். இந்திரா 10 கோடி வெள்ளி நஷ்டஈடு கேட்டு போலீஸ் மீதும் அரசாங்கம் மீதும் வழக்குப் போட்டார். 2024 ஜூனில் அது தள்ளுபடி ஆனது.

இனி நான் கேட்பதை உங்கள் வீட்டை வைத்து யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு 12 வயது ஆனதும் என்ன செய்தீர்கள்? ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பிறப்புப் பத்திரத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி, பதிவு இலாகாவுக்குக் கூட்டிப்போனீர்கள். பெருவிரல் ரேகை எடுத்து அடையாள அட்டையை, நம் ஐசியை, கொடுத்தார்கள். பிரசன்னா பிறந்தது 2008-இல். 2020-இல் அவளுக்கும் ஐசி எடுக்கும் வயது வந்தது. எடுத்திருந்தால் அவள் ரேகை அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. எடுக்கவில்லை என்றால், ஐசி இல்லாத ஒரு குமரிப் பெண் பள்ளிக்கூடம் எங்கே போனாள், சோதனை எப்படி எழுதினாள், காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரியில் காட்டினார்கள்? ஐசி இல்லாமல் இந்த நாட்டில் வாழ்வது எப்படிப்பட்ட வாழ்வு என்று தோட்டத்து ஜனங்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த இரண்டில் எது நடந்தது என்று உள்துறை அமைச்சு பதில் சொல்லட்டும்.

பிரதமரிடமும் ஒரு வார்த்தை. அதைக் கேட்க, நாம் கூடியிருக்கும் இந்தப் பாலிங்கை விடப் பொருத்தமான இடம் கிடையாது. 1974 கடைசியில் ரப்பர் விலை விழுந்து, அரிசி வாங்கக் காசில்லாமல் இந்த ஊர் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் மலாய்க்காரச் சிறுதோட்டக் குடும்பங்கள். அவர்களுடைய பசிக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அன்றைய இளைஞர் இயக்கத் தலைவர் அன்வார் இப்ராஹிமை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து, கமுந்திங் முகாமில் வைத்தார்கள். பாலிங் மக்களின் பசிக்காக அடைபட்டுக் கிடந்தவர் இன்று பிரதமர். ஐயா, அன்றைக்கு எங்கள் ஊர்க் கண்ணீர் உங்களுக்குத் தெரிந்தது. ஈப்போவில் ஒரு தாய் அழுவது ஏன் தெரியாமல் போனது? உங்கள் அரசாங்கத்தின் கீழ் இருக்கும் போலீஸ், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இட்ட கட்டளையை நிறைவேற்றாமல் வைத்திருக்கிறது. அந்தக் கட்டளையை எப்போது நிறைவேற்றுவார்கள்? எங்களுக்குத் தேதி வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே அவளைக் கூட்டிவந்தாலும், 11 மாதத்தில் பிரிந்த பிள்ளைக்கு அம்மாவின் முகம் தெரியாது. தமிழ் பேசுவாளோ என்னவோ. பிரசன்னா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளோ என்னவோ. அவள் எந்த மதத்தில் இருக்கிறாள் என்று நான் கேட்கவே மாட்டேன். வளர்ந்த பெண், அவள் வாழ்க்கையை அவள் முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால், உன்னைத் தேடி உன் தாய் ஏறாத நீதிமன்றப் படி இல்லை என்று அவளிடம் ஒருவராவது சொல்ல வேண்டாமா? 2025 நவம்பரில் கோலாலம்பூர் வீதியில், போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானை நோக்கி அந்தத் தாய் நடந்தார். கையில் ஒரு கரடிப் பொம்மை. பெண் வளர்ந்து ஆளாகிவிட்டாள், தாயிடம் இருக்கும் நினைவெல்லாம் இன்னும் பொம்மை வயதுதான்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் போட்டிருக்கும் மேசைக்கு வாருங்கள். பிரதமர் அலுவலகத்துக்கும் போலீஸ் தலைமையகத்துக்கும் போகிற மனு அங்கே இருக்கிறது. பெயர், ஐசி எண், கையெழுத்து, அவ்வளவுதான். மலாய் நண்பர்களுக்காக மலாயிலும் எழுதி வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவாருங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிமார்களுக்கு மைப்பெட்டி இருக்கிறது.